கழுவும்முன் பாருங்கள்: பழைய லோரி எஞ்சினை ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்

ஹாஃப்கட் கடையிலிருந்து (பழைய வண்டிகளின் எஞ்சினையும் பாகங்களையும் விற்கும் கடை) எஞ்சின் வந்து இறங்கியதும் வொர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். கறுப்பு எண்ணெயும் மண்ணும் அப்பிய எஞ்சின் பாலட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். புதிதாகச் சேர்ந்த தம்பி நல்ல மனதோடு வாட்டர் ஜெட்டை எடுத்துக்கொண்டு வருவார். அந்த இடத்தில் அவரை நிறுத்த வேண்டும். அந்த அழுக்கில்தான் எஞ்சினின் வரலாறு இருக்கிறது. எங்கே ஒழுகியது, எதை யார் திறந்தார்கள், எவ்வளவு நாள் மழையில் கிடந்தது என்பதையெல்லாம் அழுக்கு சொல்லும். கழுவிவிட்டால் எல்லா எஞ்சினும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஊரிலிருந்து சிங்கப்பூர் வந்து துவாஸிலோ சுங்கை காடுட்டிலோ காக்கி புக்கிட்டிலோ லோரி வொர்க்‌ஷாப்பில் சேர்ந்து, ஸ்பேனர் அளவெல்லாம் பழகி, இன்னும் தனியாக ஓர் எஞ்சினைத் தயார் செய்யாத தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு இசுசு 4எச்கே1 எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். நான்கு சிலிண்டர், 5,193 சிசி, காமன் ரெயில் டீசல் (உயர் அழுத்த டீசலை ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் கொடுக்கும் முறை). இங்கே ஓடும் 14 அடி லோரிகளில் அடிக்கடி கைக்கு வரும் எஞ்சின் இது. ஹினோ என்04சி, மிட்சுபிஷி ஃபூசோ 4எம்42 என்று எது வந்தாலும் வேலையின் வரிசை இதேதான். அளவுகளை மட்டும் அந்தந்த எஞ்சினின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஓவர்ஹால் இல்லை. நல்ல நிலையில் இருக்கும் பழைய எஞ்சினை நம்பி ஏற்றலாமா என்று பார்ப்பதும், ஏற்றிய பிறகு கை எட்டாத இடங்களில் உள்ள ரப்பரையும் சீலையும் இப்போதே மாற்றுவதும்தான் இந்த வேலை. பிஸ்டன் ரிங்கும் லைனரும் போன எஞ்சினுக்குப் புது கேஸ்கட் போடுவதில் பயன் இல்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன்

சிங்கப்பூரில் வண்டியின் எஞ்சின் எண் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவில் இருக்கிறது. அதனால் எஞ்சினை மாற்றும்முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஆணையத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இது முதலாளியின் வேலைதான். ஆனாலும் பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படமெடுத்து அவரிடம் கொடுப்பது உங்கள் வேலை. எண் தேய்ந்திருந்தாலோ, சுரண்டித் திரும்ப அடித்தது போலத் தெரிந்தாலோ அந்த எஞ்சின் வேண்டாம்.

அடுத்து புகை அளவுகோல். இங்கே புதிதாகப் பதிவாகும் டீசல் வண்டிகளுக்கு 2006 அக்டோபரிலிருந்து யூரோ 4, 2014 ஜனவரியிலிருந்து யூரோ 5, 2018 ஜனவரியிலிருந்து யூரோ 6. வண்டி எந்த அளவுகோலில் பதிவானதோ அதற்குக் கீழான எஞ்சினை அதில் ஏற்ற நினைக்காதீர்கள். பெயர்ப்பலகையில் 4எச்கே1 என்று ஒரே பெயர் இருந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு இன்ஜெக்டரும் சென்சாரும் இஜிஆரும் (எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியை இன்டேக்குக்குத் திருப்பும் அமைப்பு) மாறியிருக்கும். முழு மாடல் குறியீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வண்டியின் ஆயுளையும் கணக்கில் எடுக்க வேண்டும். சரக்கு வாகனம் இங்கே அதிகபட்சம் 20 ஆண்டுகள்தான் ஓடலாம். சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) இன்னும் எத்தனை மாதம் மிச்சம் என்று தெரியாமல் எஞ்சினுக்குச் செலவு செய்வது நியாயம் இல்லை. கடைசியாக, பில்லில் வாரன்டி எத்தனை நாள், எதற்கெல்லாம் உண்டு என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள். கீழே சொல்லும் வேலைகளின் வரிசையே அந்த வாரன்டியை வைத்துத்தான். திறக்காமல் செய்யும் சோதனைகளை முதலில் முடிக்க வேண்டும். ஆயில் பேனைக் கழற்றிவிட்டால் பெரும்பாலும் கடைக்காரர் அதைத் திரும்ப எடுக்கமாட்டார்.

பழைய எஞ்சின் ஏன் போனது?

புது ஆட்கள் தாண்டிப் போகும் படி இதுதான். நானும் முதல் இரண்டு வருடம் தாண்டிப் போனவன். வண்டியிலிருந்து இறக்கிய எஞ்சின் எதனால் போனது என்று தெரியாமல் அடுத்ததை ஏற்றினால், அதுவும் அதே வழியில் போகும். சூடேறிப் போயிருந்தால் ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா, ஃபேன் கிளட்ச் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிஸ்டன் ஓட்டையாகியிருந்தால் இன்ஜெக்டர் ஒழுகியிருக்கலாம், அல்லது டேங்க்கில் தண்ணீரும் அழுக்கும் இருக்கலாம். பேரிங் அடித்துப் போயிருந்தால் இன்னொரு கவனம் தேவை. அந்த எஞ்சினின் ஆயில் கூலரையும் டர்போவையும் ‘நல்லாத்தானே இருக்கு’ என்று கழற்றிப் புதியதில் மாட்டக் கூடாது. உலோகத் தூள் கூலரின் இடுக்குகளில் தங்கியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுதாக வராது. புதிய எஞ்சினின் முதல் ஐந்து நிமிடத்தில் அது பேரிங்கைத் தேடிப் போகும்.

டர்போ உடைந்த வண்டி என்றால் இன்டர்கூலரையும் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே எண்ணெயும் சில சமயம் இறக்கைத் துண்டுகளும் இருக்கும். குழாயில் எண்ணெய் தேங்கியிருந்தால் புது எஞ்சின் அதை உறிஞ்சி, ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகலாம்.

இன்னொன்று, பழைய எஞ்சினை அவசரப்பட்டு இரும்புக்கடைக்கு அனுப்பாதீர்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஆயில் பேன் வடிவம், மவுன்டிங், ஃபிளைவீல் பல், சென்சார் சாக்கெட் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். வயர் சாக்கெட் ஒன்று பொருந்தவில்லை என்று எஞ்சினை உள்ளே இறக்கிய பிறகு தெரிந்தால் அன்றைய நாள் போய்விடும்.

அழுக்கைப் படிப்பது

டார்ச்சும் வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு, அவசரமில்லாமல் எஞ்சினை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்.

ஈரமான எண்ணெய் எங்கே தொடங்குகிறது என்று மேலிருந்து கீழாகத் தேடுங்கள். எண்ணெய் கீழ்நோக்கி வழியும், ஃபேன் காற்றில் பின்னுக்கும் போகும். அதனால் கீழே நனைந்திருக்கும் இடத்தைப் பார்த்து அங்கேதான் ஒழுகுகிறது என்று முடிவுகட்டாதீர்கள். முன்புற புல்லியைச் சுற்றி நனைந்திருந்தால் முன் சீல். ஃபிளைவீல் ஹவுசிங்கின் அடிவாயில் சொட்டு நின்றால் பின் சீல், ஆனால் மேலே வால்வு கவரிலிருந்து வழிந்ததாகவும் இருக்கலாம். வாட்டர் பம்ப்பின் அடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். அதன் கீழே பச்சையோ ரோஸோ வெள்ளையோ உப்புப் படிந்த கோடு இருந்தால் பம்ப்பின் சீல் போயிருக்கிறது. ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டில் அதே உப்புக்கோடு தெரிந்தால் கவலைப்பட வேண்டும்.

சிலிகன் நிறத்தையும் கவனியுங்கள். கம்பெனியில் போட்டது மெல்லிய, சீரான கோடாக இருக்கும். ஓர் இடத்தில் மட்டும் வேறு நிறச் சிலிகன் பிதுங்கி நின்றால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஏன் திறந்தார்கள் என்று கேள்வி கேளுங்கள். ஹெட் போல்ட்டின் தலையில் பளபளப்பான ஸ்பேனர் தழும்பு இருந்தாலும் அதே கேள்விதான்.

இன்டேக் வாய், எக்ஸாஸ்ட் வாய், டர்போ வாய் எல்லாம் மூடியிருக்கின்றனவா? நம் ஊரில் மழை சொல்லிக்கொண்டு வராது. திறந்த வாயோடு ஒரு வாரம் வெளியில் கிடந்த எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கலாம் என்று நினைத்தே வேலையைத் தொடங்குங்கள்.

ஆயில் மூடியைத் திறந்து அடிப்புறத்தைப் பாருங்கள். பால் கோப்பி நிறத்தில் மெல்லிய படலம் மூடியில் மட்டும் இருந்தால் அது ஈரக்காற்று குளிர்ந்து படிந்ததாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட்டோ ஆயில் கூலரோ காரணமாக இருக்கும். எண்ணெய் அளவுக்கு மேலே நின்று, நீர்த்துப்போய், டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்டர் பக்கமோ பம்ப் பக்கமோ டீசல் உள்ளே இறங்குகிறது. டிப்ஸ்டிக்கை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்க்க வெட்கப்படாதீர்கள்.

கையால் சுற்றுவது

ஸ்டார்ட்டரைத் தொடுவதற்கு முன் கையால் சுற்ற வேண்டும். குளோ பிளக் நான்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, எஞ்சினின் முன்பக்கம் நின்று பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று வேண்டும். நான்கு ஸ்ட்ரோக்கும் முடிய கிராங்க் இரண்டு முறை சுற்ற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஒரு சுற்றோடு விட்டால் பாதி வால்வுகளைத்தான் பார்த்திருப்பீர்கள்.

கையில் என்ன உணர வேண்டும்? பிளக் இல்லாதபோது எதிர்ப்பு சீராக, கனமான கதவைத் திறப்பது போல இருக்கும். ஓர் இடத்தில் மட்டும் இறுகி விட்டால், அந்த இடத்தைப் புல்லியில் சாக்பீஸால் குறித்துக்கொண்டு திரும்பவும் பாருங்கள். அடித்து நின்றால் நிறுத்துங்கள். ராட்செட்டில் நீளப் பைப்பைச் செருகி அழுத்தாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் அது சுருங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும். பிளக் ஓட்டை வழியாக அந்தத் தண்ணீர் வெளியேறுகிறதா என்றும் பாருங்கள். முகத்தை ஓட்டைக்கு நேரே வைக்காதீர்கள்.

சுற்றுகிறது என்றால் கிராங்க் ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் நெம்பிப் பார்க்கலாம். டயல் கேஜை ஃபிளைவீல் பக்கம் வைத்து, கம்பியால் மெல்ல நெம்பினால் முள் எவ்வளவு நகர்கிறது என்று தெரியும். கண்ணுக்கே தெரியும் அளவுக்கு ஆடினால் திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது.

கம்ப்ரெஷன்

4எச்கே1 எஞ்சினின் ஸ்டார்ட்டர் ஃபிளைவீல் ஹவுசிங்கில் உட்காருவதால் வண்டியில் ஏற்றாமலேயே சுற்றி, சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தத்துக்கு ஏறுகிறது என்று பார்க்க முடியும். வண்டி 24 வோல்ட் என்றால் நல்ல சார்ஜ் உள்ள இரண்டு பேட்டரி, தடித்த கேபிள் இரண்டும் தேவை. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் நல்ல எஞ்சினும் மோசமாகக் காட்டும். எஞ்சினைத் தடித்த ஸ்டாண்டில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகே செய்யுங்கள். பாலட்டில் சும்மா வைத்துச் சுற்றினால் உதறிக் கவிழும்.

சோதனைக்கு முன் வால்வு கிளியரன்ஸை (வால்வை அழுத்தும் ராக்கரில் விடும் சிறு இடைவெளி) ஒருமுறை பார்த்துவிடுவது என் பழக்கம். கிளியரன்ஸ் இறுகிய வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரெஷன் குறையும். நல்ல எஞ்சினைக் கெட்டது என்று திருப்பி அனுப்பிய கதைகள் இதனால்தான் வருகின்றன. 4எச்கே1க்கு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.40 மி.மீ. எரியும் வரிசை 1-3-4-2. முதல் சிலிண்டரைக் கம்ப்ரெஷன் டிடிசியில் (கம்ப்ரெஷன் முடிந்து பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) நிறுத்தினால் 1இன் இரண்டையும், 2இன் இன்டேக்கையும், 3இன் எக்ஸாஸ்டையும் சரிபார்க்கலாம். கிராங்க்கை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றி, 4இன் இரண்டையும், 2இன் எக்ஸாஸ்டையும், 3இன் இன்டேக்கையும் பாருங்கள். இதில் ஒரு ராக்கர் இரண்டு வால்வுகளைப் பிரிட்ஜ் வழியாக அழுத்துகிறது. பிரிட்ஜை முதலில் சமமாக உட்கார வைக்காமல் ராக்கரை மட்டும் வைத்தால் ஒரு வால்வு தொங்கிக்கொண்டிருக்கும்.

ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய உலோகத் தாள்) இழுக்கும் பதம் கையேட்டில் எழுதி வராது. தாள் தடையில்லாமல் ஓடினால் லூஸ். வளைந்துகொண்டு வந்தால் டைட். எண்ணெய் தடவிய காகிதத்தை இரண்டு விரலுக்கு நடுவில் இழுப்பது போல, லேசாகப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். அந்த நிலையில் ஸ்க்ரூவை அசையாமல் பிடித்து லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு தாளை மறுபடியும் விட்டுப் பாருங்கள். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ கொஞ்சம் கூடச் சுற்றியிருக்கும். பத்தில் மூன்று முறை திரும்பவும் வைக்க வேண்டியிருக்கும், அது இயல்புதான்.

இப்போது கம்ப்ரெஷன். இன்ஜெக்டர் வயர் சாக்கெட் கழன்றிருக்க வேண்டும். குளோ பிளக் ஓட்டையில் டீசலுக்கான கேஜை மாட்டுங்கள். பெட்ரோல் கேஜ் இந்த அழுத்தத்துக்குத் தாங்காது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு நேரம் சுற்றி, எண்ணை எழுதுங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதுதான் முதல் கேள்வி. 29, 28, 29, 28 பார் என்று வந்தால் மனம் லேசாகும். 29, 28, 22, 29 என்று வந்தால் மூன்றாவதில் இன்னும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் பக்கம் கோளாறு. ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கட்டோ. ஆயிலை அதிகமாக ஊற்றாதீர்கள், டீசல் எஞ்சினில் மேலே இடம் குறைவு, பொய்யாக ஏற்றிக் காட்டும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் அந்தச் சிலிண்டரை டிடிசியில் நிறுத்தி, கிராங்க் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, பிளக் ஓட்டை வழியாகக் காற்றை விட்டுக் காது கொடுங்கள். இன்டேக் வாயில் சீறினால் இன்டேக் வால்வு. டர்போ பக்கம் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் மூடியில் பலமாக வந்தால் ரிங். தண்ணீர் வாயில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது ஹெட்டில் கீறல். இந்தச் சோதனைக்குக் கம்ப்ரெசரும் ஒரு அடாப்டரும் போதும்.

முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். எண்கள் எழுதிய தாளை முதலாளியிடம் காட்டுங்கள். திருப்பிக் கொடுப்பதென்றால் இன்றே கொடுக்க வேண்டும்.

இப்போது கழுவலாம்

எல்லா வாயையும் மூடி, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், சென்சார் சாக்கெட்டுகளைப் பிளாஸ்டிக்கால் சுற்றிக்கொண்டு டிகிரீசர் அடித்துக் கழுவுங்கள். சீலின் உதட்டுக்கு நேராக ஜெட்டை வைக்காதீர்கள். கழுவும் இடம் எண்ணெய் பிரிக்கும் தொட்டி உள்ள வாஷ் பே ஆக இருக்க வேண்டும். வெளியே இருக்கும் மழைநீர்க் கால்வாயில் எண்ணெய் போகக் கூடாது. அந்தத் தண்ணீர் நேராக நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோ போகிறது. பழைய எண்ணெயைத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துச் செல்வார்கள். டிரம்மில் சேர்த்து மூடி வையுங்கள், கூலன்ட்டை அதில் கலக்காதீர்கள்.

அடிப்பக்கம்

எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த பகுதி இது. வடியும் பிளக்கில் காந்தம் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை போல மெல்லியதாக ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். விரலில் தேய்க்கும்போது குத்தும் துகள் இருந்தால் வழக்கமில்லை. ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புத் தாளை விரித்து வெயிலில் பிடியுங்கள். செம்பு நிறத்தில் மின்னினால் பேரிங் பேசுகிறது. அலுமினிய வெள்ளி மின்னினால் பிஸ்டன் பக்கம் கவனம்.

எஞ்சினைத் திருப்பும்போது, தூக்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். செயின் பிளாக், ஹாய்ஸ்ட், ஸ்லிங் எல்லாவற்றையும் அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். தேதியைப் பாருங்கள். தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. ‘ஒரு நட்டுதான் அண்ணே, சட்டென்று எடுத்துர்றேன்’ என்று ஒரு தம்பி குனிந்தபோது நான் அவர் காலரைப் பிடித்து இழுத்திருக்கிறேன். ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகு நாள் முழுக்கக் குனியலாம்.

ஆயில் பேனைத் திறந்ததும் அடியில் தங்கியதை விரலால் தடவிப் பாருங்கள். அப்புறம் ஒரு கனெக்டிங் ராட் கேப், ஒரு மெயின் கேப் மட்டும் கழற்றுங்கள். கழற்றும்முன் கேப்பின் எண்ணையும் எந்தப் பக்கம் முன்னே என்பதையும் குறித்துவிடுங்கள். கேப் மாறினாலோ திரும்பி உட்கார்ந்தாலோ பேரிங் உடனே போகும். பேரிங் முகம் மங்கிய சாம்பல் நிறத்தில் சீராக இருந்தால் நல்லது. மேல்பூச்சு போய்ச் செம்பு தெரிந்தால் எல்லா பேரிங்கையும் மாற்றுங்கள், தெரிந்த அந்த ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். நகம் ஓட்டினால் தட்டும் கோடு கிராங்க் ஜர்னலில் (பேரிங்குக்குள் சுழலும் பகுதி) இருந்தால் மெஷின் ஷாப் வேலை வந்துவிட்டது.

இடைவெளி அளக்க பிளாஸ்டிகேஜ் இழை போதும். ஜர்னலில் எண்ணெயைத் துடைத்து, இழையை நீளவாக்கில் வைத்து, கேப்பை முழு டார்க்கில் இறுக்கித் திரும்பக் கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையில் உள்ள கோட்டோடு ஒப்பிடுங்கள். இடையில் கிராங்க் சுற்றக் கூடாது. அளவு சரி என்றால் சுத்தமான எண்ணெய் தடவி, டார்க் ரெஞ்சால் கையேட்டு முறைப்படி இறுக்குங்கள். கோணக் கணக்கில் இறுக்கும் போல்ட்டுகளைக் கையேடு மாற்றச் சொன்னால் மாற்றுங்கள்.

ஆயில் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரைக் கழற்றி வலையைச் சுத்தம் செய்யுங்கள். அது பிளாக்கில் சேரும் இடத்தில் ஓ-ரிங் இருந்தால் மாற்றிவிடுங்கள். பழைய ஓ-ரிங் பிளாஸ்டிக் போல இறுகியிருக்கும். அதன் வழியாகப் பம்ப் காற்றை உறிஞ்சும், ஆயில் அழுத்தம் விழும். சில வெள்ளிக் காசு வேலை, எஞ்சினையே காப்பாற்றும்.

கட்டாயம் மாற்ற வேண்டியவை

பின் ஆயில் சீலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த மூன்றாம் வருடம் ஒரு 14 அடி லோரிக்கு எஞ்சின் ஏற்றினேன். பின் சீல் காய்ந்து சுத்தமாக இருந்தது. ஒழுகவில்லையே என்று அப்படியே விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பிஐஇ விரைவுச்சாலையில் மேடேறும்போது கிளட்ச் வழுக்கி வண்டி நின்றது. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால் கிளட்ச் பிளேட் எண்ணெயில் ஊறியிருந்தது. பல மாதம் ஓடாமல் கிடந்த எஞ்சினில் ரப்பர் உதடு இறுகிவிடுகிறது. நிற்கும்போது ஒழுகாது, சூடேறி ஓடும்போது ஒழுகும். வண்டிக்காரருக்கு இரண்டு நாள் வருமானம் போனது. மீன் ஏற்றும் வண்டி அது. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அன்றிலிருந்து பின் சீல் எப்படி இருந்தாலும் மாற்றுகிறேன். புது சீலின் உதடு பழைய சீல் தேய்த்த பள்ளத்திலேயே உட்காருகிறதா என்றும் பார்த்து, கொஞ்சம் தள்ளி உட்கார வைக்க வழியிருந்தால் வைக்கிறேன்.

இதோடு முன் சீல், வால்வு கவர் கேஸ்கட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், எல்லா ஃபில்டரும், இன்ஜெக்டரின் கீழ் செம்பு வாஷரும் புதியது. கிளட்ச் செட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் இவையும் இப்போதே. ஃபிளைவீலில் நீல நிற எரிந்த புள்ளிகளோ வெடிப்போ இருந்தால் ஸ்கிம் செய்ய (முகத்தைச் சமமாகச் சீவ) கொடுங்கள். பிளாக்கின் பக்கத்தில் வட்டத் தகடுகளாக இருக்கும் கோர் பிளக்கில் துரு ஊறினால் மாற்றுங்கள். அதன்மேல் சிலிகன் பூசி மறைக்காதீர்கள். தண்ணீர் வழிகளைத் தெளிவாக வரும்வரை அலசி, கடைசியில் குழாய்த் தண்ணீரை விடாமல் கூலன்ட் கலவையை ஊற்றுங்கள்.

டர்போவைக் கையால் சுற்றுங்கள். சத்தமில்லாமல் ஓட வேண்டும். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருப்பது வழக்கம், இறக்கை ஹவுசிங்கை உரசக் கூடாது. முன்னும் பின்னும் ஆடினால் கொடுத்து ரிப்பேர் செய்யுங்கள்.

காமன் ரெயில் பக்கம் சுத்தம்தான் எல்லாம். பைப்பைக் கழற்றிய நொடியே மூடி போடுங்கள். துணி நூல் ஒன்று போதும் இன்ஜெக்டரைக் கெடுக்க. இன்ஜெக்டரைச் சோதனைக்குக் கொடுத்து வாங்கினால் எது எந்தச் சிலிண்டருடையது என்று குறித்து வையுங்கள். இன்ஜெக்டரின் தலையில் இருக்கும் குறியீட்டைப் படமெடுங்கள், அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினில் ஓடும்போதே நட்டைத் தளர்த்திக் காற்றெடுப்போம். அந்தப் பழக்கத்தைக் காமன் ரெயிலில் ஒருபோதும் செய்யாதீர்கள். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும் டீசல் கையுறையைத் துளைத்துத் தோலுக்குள் போகும். ஒழுகல் தேடவும் கையைக் கொண்டு போகாதீர்கள், அட்டையைக் காட்டிப் பாருங்கள். தோலில் குத்தினால் வலி குறைவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்த வேலை கை வந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை நண்பர் வொர்க்‌ஷாப்பில் வந்து ஓர் எஞ்சின் ஏற்றித் தருகிறாயா என்று யாராவது கேட்பார்கள். வொர்க் பர்மிட்டில் இருக்கும் தம்பிகள் அதற்குப் போகாதீர்கள். பர்மிட்டில் உள்ள முதலாளியிடம் மட்டும்தான் வேலை செய்யலாம். நூறு வெள்ளிக்காக ஊருக்குத் திரும்பிப் போக வேண்டிய நிலை வரும்.

முதல் ஸ்டார்ட்

ஏற்றும் வேலையில் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பொருத்தும் டவல் பின் இரண்டும் இடத்தில் இருக்கட்டும், கியர்பாக்ஸை போல்ட்டால் இழுத்துச் சேர்க்காதீர்கள், எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையிலான எர்த் கேபிளை மறக்காதீர்கள். இன்டேக் குழாயை மாட்டும்முன் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மூடிக்கு வைத்த துணி உள்ளேயே இருந்துவிட்ட கதை எல்லா வொர்க்‌ஷாப்பிலும் உண்டு.

டர்போவின் ஆயில் வாயில் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். டீசல் ஹேண்ட் பம்ப்பை இறுகும்வரை அழுத்துங்கள். இன்ஜெக்டர் சாக்கெட்டைக் கழற்றிய நிலையில், பத்து நொடி ஸ்டார்ட்டர், ஒரு நிமிட ஓய்வு என்று சுற்றி, ஆயில் விளக்கு அணையும்வரை காத்திருங்கள். அதற்குப் பிறகே சாக்கெட்டை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். பிடித்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். ஆயில் விளக்கு சில நொடியில் அணையவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். ஐடிலிலேயே சூடேறட்டும். ஒரு ஆள் அடியில் டார்ச்சோடு, ஒரு ஆள் ரேடியேட்டர் பக்கம். தெர்மோஸ்டாட் திறந்ததும் கீழ் ஹோஸ் சூடாகும். ஆறிய பிறகு கூலன்ட் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து நிரப்புங்கள்.

சோதனை நிலையத்துக்குப் போகும்முன் நன்றாகச் சூடேற ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். டீசல் வண்டியை உருளைகளின்மேல் ஏற்றி, சுமையோடு ஓடுவது போல ஓட்டித்தான் புகையை அளக்கிறார்கள். வரம்பு 40 எச்எஸ்யூ (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு). ஐடிலில் புகையில்லாத எஞ்சின் அங்கே கறுப்பாகக் கக்கலாம். ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் ஹோஸின் கிளிப், இஜிஆர் வால்வு மூன்றையும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

1,000 கிலோமீட்டரில் வண்டியைத் திரும்ப வரச் சொல்லுங்கள். எண்ணெயை இறக்கி, ஃபில்டரை வெட்டி, முதல் நாள் செய்தது போலவே தாளை விரித்து வெயிலில் பிடியுங்கள். மின்னும் துகள் எதுவும் இல்லையென்றால் புது எண்ணெய் ஊற்றி, கம்ப்ரெஷன் எண்கள் எழுதிய தாளையும் எஞ்சின் எண்ணின் படத்தையும் வண்டியின் ஃபைலில் சேர்த்து வைத்துவிட்டு, சாவியை ஓட்டுநரிடம் கொடுங்கள்.